கம்பம் ரோட்டில் பூனையோடு

கம்பத்தை விட்டுக் கிளம்பி, புதுப்பட்டி எல்லையைத் தாண்டிக்கொண்டிருந்தோம். முன்னால் என்னைப் பெற்ற அய்யா. தலையில் பாத்திர மூட்டை, தோளில் மூடிபோட்ட ஓலைக்கூடை. பின்னால் நான். என் கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் பூனை. அது வாலைத் தூக்கிக்கொண்டு, ரோட்டோரப் புளியமரங்களை ஒவ்வொன்றாக மேற்பார்வை செய்தபடி வந்தது. எதிரே வந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு சட்டென்று ஏதோ நினைவு வந்தவர்களாய் ரோட்டின் மறுபக்கத்துக்கு ஒதுங்கிப் போனார்கள்.

"ஏலே, ஆட்டுக்குட்டி வாங்க வக்கில்லாமப் பூனைய ஓட்டிட்டுப் போறியாக்கும்?" என்று நாற்று நட்டுக்கொண்டிருந்த ஒருத்தி வயலிலிருந்தே கேட்டாள்.

அய்யா நடையை நிறுத்தாமல், "கறவைப் பூனை தாயி. ஒங்க ஊர்ல இல்லையா?" என்றார்.

வயல் முழுக்கச் சிரிப்பு. பூனை மட்டும் சிரிக்கவில்லை. அதற்கு அன்று ஏகப்பட்ட வேலை இருந்தது.

என்னைத் தேனியில் இருந்த மாமன் வீட்டில் விட்டுவிடத்தான் போய்க்கொண்டிருந்தோம். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. என்னிடம் சொல்லித்தான் கூட்டிப்போனார். முந்தைய மழைக்காலத்தில் ஆத்தா மலைக்காய்ச்சலில் போய்விட்டாள். அய்யா ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் வண்டி ஓட்டினார். குமுளிக்கு ஏறினால் இறங்கிவரச் சில நாட்கள் ஆகும். அதுவரை வண்டிப்பேட்டைக்குப் பின்னாலிருந்த குடிசையில் நானும் பூனையும் இருப்போம். பக்கத்து வீட்டில் கஞ்சி ஊற்றுவார்கள். பிறகு வியாபாரியின் கணக்குப்பிள்ளையோடு ஏதோ பேச்சு வளர்ந்து, அய்யா சாட்டையை அவருடைய மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டார். வேலையோடு குடிசையும் போயிற்று; மாசக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அய்யாவுக்கு இது புதிதில்லை. எந்த வேலையிலும் ஒரு வருஷம் சேர்ந்தாற்போல இருந்தவரில்லை. காலில் சக்கரம் என்பாள் ஆத்தா. பிற்பாடு அந்தச் சக்கரம் என் காலுக்கும் வந்து சேர்ந்தது. அது வேறு கதை.

கருமாதிக்கு வந்திருந்தபோதே மாமன் கேட்டுவிட்டார். "பயல எங்கிட்ட விட்டுருங்க மாப்ளே. பள்ளிக்கூடத்துல சேத்துப் படிக்க வைக்கிறேன். நீங்க ஒங்க இஷ்டத்துக்குப் போங்க, வாங்க." அவருக்கு மூன்றும் பெண்கள். மளிகைக்கடை இருந்தது, காரைவீடு இருந்தது. அந்தப் பேச்சில் குற்றம் சொல்ல எதுவுமில்லை. வேலை போனதும் அய்யா சரி என்று சொல்லி அனுப்பிவிட்டார். என்னை விட்டுவிட்டு அவர் தனியாக மலைக்குப் போவதாக ஏற்பாடு.

எனக்கும் அதில் பெரிய வருத்தம் இருந்ததாக ஞாபகமில்லை. தேனியில் ரயிலடி இருந்தது. ரயில் இல்லை, உலகச் சண்டைக்கு வேண்டுமென்று தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இருந்தாலும் ரயில் நின்ற இடத்தையாவது பார்க்கலாம். என் கவலையெல்லாம் பூனையைப் பற்றித்தான்.

எங்கள் பக்கத்தில் பூனையை இடம் மாற்ற ஒரே ஒரு வழிதான் உண்டு. சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, திசை மறந்துபோவதற்காகத் தலைக்குமேல் நன்றாகச் சுற்றி, ஆற்றைத் தாண்டிக் கொண்டுபோய் அவிழ்த்துவிட வேண்டும். வேண்டாத பூனையைத் தொலைக்கவும் அதுதான் வழி. வேண்டிய பூனையைக் கொண்டுபோகவும் அதுதான் வழி. சாக்கு அவிழ்ந்ததும் இரண்டு பூனைகளும் ஒரே மாதிரிதான் ஓடும் என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அய்யாவும் சாக்கைத்தான் எடுத்தார். சாக்கில் பூனை வந்தால் நான் வரமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டேன்.

"அப்ப நடத்திக் கூட்டியா. நான் வேண்டாம்னா சொன்னேன்?" என்றார்.

அவர் விளையாட்டாகச் சொன்னார். நான் அதையே பிடித்துக்கொண்டேன்.

வண்டிக்காரர் மகனுக்குத் தெரிந்த வித்தை மாட்டு வித்தைதான். பூனைக்கு மூக்கணாங்கயிறு போடலாமா என்று முதலில் கேட்டேன். "போடலாம். குத்தும்போது நீ பிடிச்சுக்க" என்றார் அய்யா. அந்த யோசனையைக் கைவிட்டேன். கழுத்தில் கயிறு கட்டிப் பார்த்தேன். அது பின்னால் நகர்ந்து, காதை மடக்கி, தலையை உருவிக்கொண்டு கூரைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. இறுக்கிக் கட்டினால் இருமியது. அய்யா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஆத்தாவின் பழைய சேலை ஒன்றைக் கிழித்து மெத்தென்று ஒரு கயிறு திரித்துக் கொடுத்தார். கழுத்தைச் சுற்றி ஒரு வளையம், முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஒரு வளையம், முதுகின்மேல் இரண்டையும் சேர்த்து ஒரு முடிச்சு. உள்ளே ஒரு விரல் நுழைகிற அளவு இடம். இழுத்தால் பாரம் கழுத்தில் விழாது, நெஞ்சில் விழும். நுகத்தடியும் தொண்டையை நெரிக்காமல் திமிலில் பாரம் ஏற்றுவது இந்தக் கணக்கில்தானாம்.

கயிறு பூட்டியதும் பூனை செத்துப்போனது. அதாவது, அப்படியே சரிந்து விழுந்து காலை நீட்டிக்கொண்டது. தூக்கி நிறுத்தினால் மறுபடி விழும். நான் அழுதேவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி கருவாடு சுடுகிற வாசனை வந்தபோதுதான் அதற்கு உயிர் வந்தது. கயிற்றை மறந்து எழுந்து நடந்தது. அதிலிருந்து நான் கருவாட்டுத் துணுக்கில்லாமல் அதனிடம் போவதில்லை. கயிறு பூட்டினால் கருவாடு உண்டு, பூட்டாவிட்டால் கிடையாது. கொஞ்ச நாளில் அதுவே வந்து கயிற்றின் பக்கத்தில் படுத்துக்கொள்ள ஆரம்பித்தது.

நடக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. மாடு இழுத்தால் வரும். பூனையை இழுத்தால் நாலு காலையும் ஊன்றித் தரையோடு ஒட்டிக்கொள்ளும். கடைசியில் நாம் துடைப்பத்தை இழுப்பது மாதிரி இழுத்துக்கொண்டு போகவேண்டியதுதான். ஆகவே அது போகிற பக்கமெல்லாம் நான் போனேன். வைக்கோல் போருக்குப் போனால் நானும் வைக்கோல் போர். வண்டிக்கு அடியில் போனால் நானும் வண்டிக்கு அடியில். வண்டிப்பேட்டை முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்தது. அப்படிப் பின்னாலேயே போய், நடுநடுவே கருவாட்டைக் காட்டி, நான் போக நினைக்கும் பக்கம் திருப்பினேன். தானாகத்தான் வருகிறோம் என்று அது நினைத்துக்கொண்டிருக்கும்வரை தொல்லையில்லை. நாய் வந்தால் ஓடி ஒளிய ஓர் இடம் வேண்டும் என்று கூடையைப் பழக்கினேன். அதில் அது தூங்குகிற பழைய துணியைப் போட்டு, சாப்பாட்டையும் உள்ளேயே வைத்தேன். நாய் குரைத்தால் நான் கூடையைத் திறக்க வேண்டியதுதான், அதுவே குதித்துவிடும்.

வண்டிக்காரர் ஒருவர் மூலம் மாமன் சொல்லி அனுப்பியிருந்தார். பூனை வரட்டும், கடைக் கிட்டங்கியில் எலி அதிகம். ஆனால் வருகிற வழியில் அது யாருக்கும் குறுக்கே போகக்கூடாது, முக்கியமாகத் தனக்கு. மாமன் சகுனம் பார்க்காமல் கடைக்கதவைத் திறக்காதவர். மதுரைக்குச் சரக்கெடுக்கக் கிளம்பி, தெருமுனையில் எண்ணெய்க்குடம் எதிர்ப்பட்டதால் திரும்பி வந்து, அந்த வாரம் முழுக்கக் கடையில் பருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தவர். "அவுக வீட்டுக் கடிகாரமே நல்ல நேரம் மட்டுந்தான் காட்டும்" என்பார் அய்யா.

அன்று காலை கம்பத்தில் பஸ் ஏறத்தான் பார்த்தோம். பெட்ரோலெல்லாம் சண்டைக்குப் போய்விட்டதால் பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பு ஏறியிருந்த காலம். ஒரு பையன் பின்னால் நின்று துருத்தியைச் சுற்றினால்தான் வண்டி மூச்சுவிடும். கண்டக்டர் கூடைக்குள் எட்டிப்பார்த்தார். "மனுசனுக்கே எடமில்ல. பூனைக்கு வேறயா? எறங்குய்யா!" இறங்கினோம். அதனால்தான் நடை.

புதுப்பட்டியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அதே பஸ் ஒரு சின்ன மேட்டில் நின்றுகொண்டிருந்தது. ஆட்கள் இறங்கி நிழலில் நின்றார்கள். துருத்திப் பையன் முகமெல்லாம் கரியோடு சுற்றிக்கொண்டிருந்தான். வண்டி இருமி, குலுங்கி, இதோ கிளம்பப் போகிறது என்ற நேரத்தில் பூனை ஓர் ஓணானைப் பார்த்துவிட்டது. கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரமும் ஒரே பாய்ச்சலில் வண்டிக்குக் குறுக்கே போயிற்று. வண்டி ஒரு விக்கலோடு நின்றுவிட்டது.

"போச்சு!" என்று டிரைவர் குதித்து இறங்கினார். "இப்பத்தான் கெளம்புச்சு. யாருய்யா இந்தச் சனியனக் குறுக்க விட்டது?"

"நான் உத்தமபாளையம் கோர்ட்டுக்குப் போறேன்" என்றார் வேட்டி மடித்துக் கட்டிய ஒருவர், அழுகிற குரலில். "இன்னைக்குத்தான் தீர்ப்பு. இனி வெளங்குன மாதிரிதான்."

அய்யா மூட்டையை இறக்கி வைத்தார். "ஏன்ணே, நாங்க வாறதுக்கு முன்னாடியே வண்டி இங்கன நின்னுச்சே, அப்ப எந்தப் பூனை வந்துச்சு? பூனை அதுபாட்டுக்கு ஓணான் பிடிக்கப் போகுது. நீங்கதான் வண்டிய அதுக்குக் குறுக்கக் கொண்டாந்து போட்டிருக்கீக. ஓணான் தப்பிச்சுருச்சு. அது யாருகிட்டப் போய்ச் சொல்லும்?"

நிழலில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அய்யா பஸ்ஸின் பின்பக்கம் தோளைக் கொடுத்தார். கோர்ட்டுக்காரரையும் கூப்பிட்டுக்கொண்டார். எல்லாருமாகத் தள்ளியதும் வண்டி மேட்டைத் தாண்டி உயிர்பெற்றது. கண்டக்டர் தலையை நீட்டி, "ஏறிக்கங்க, பூனையோடயே ஏறிக்கங்க" என்றார்.

"வேண்டாம்ணே. நாங்க சீக்கிரமாப் போகணும்" என்றார் அய்யா.

வண்டி போனபிறகு எனக்குச் சொன்னார்: "சகுனமாம் சகுனம். குமுளி மலையில எத்தனை பூனை எங்குறுக்கப் போயிருக்கு தெரியுமா? ஒவ்வொண்ணுக்கும் நின்னிருந்தா இன்னும் மலையிலதான் நின்னுட்டிருப்பேன்." அவர் எதற்கும் நின்றதில்லை. சாமிக்கே கோயில் வாசலில் நின்றபடி ஒரு கும்பிடுதான், உள்ளே போகமாட்டார்.

உத்தமபாளையத்தில் வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. ஒரு ராவுத்தர் வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டோம். அந்த வீட்டு அம்மா சொம்போடு வந்து, பூனையைக் கண்டதும் சொம்பைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஒதுங்கவுமில்லை, முகம் சுளிக்கவுமில்லை. உள்ளே போய் ஒரு மீன்தலை கொண்டுவந்து போட்டார். அன்று வழியில் பூனைக்குக் கிடைத்த முதல் மரியாதை அது.

"யாரு யாரக் கூட்டிட்டுப் போறது?" என்று கேட்டார்.

"நான்தான் இத" என்றேன்.

"பாத்தா அப்பிடித் தெரியலையே." பிறகு அய்யாவைப் பார்த்து, "இவன் ஆத்தா வரலையா?" என்றார்.

"அவ இல்லம்மா. மாமன் வீட்டுல விடப் போறேன்."

"எத? பூனையவா, புள்ளையவா?"

"ரெண்டையும்தான்."

"ரெண்டையும் விட்டுட்டு நீங்க எங்கன போவீக?"

"மலைக்கு."

"அங்கன ஒங்களுக்கு யாரு இருக்கா?"

"ஏலக்காய் இருக்கும்மா" என்று சொல்லி அய்யா சிரித்தார். அந்தச் சிரிப்பு வேடிக்கைக்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை. எனக்கு ஒரு துண்டு வெல்லம் கொடுத்தார்.

பூனை கூடையில் தூங்க, நான் அய்யாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு தூங்கி வழிய, பொழுது சாயச் சின்னமனூர் போய்ச் சேர்ந்தோம். சத்திரத்தில் படுத்து, வெளுக்கும்போதே கிளம்பினோம். நல்ல நேரம் பார்த்து மாமன் வீரபாண்டி ஆற்றங்கரைக்கே வண்டியோடு வருவதாகச் சொல்லியிருந்தார். கிளம்புமுன் பூனைக்கு நான் கயிறு பூட்டினேன். நெஞ்சு வளையம், கழுத்து வளையம், முதுகில் முடிச்சு.

முதல் நாள் பூனைதான் எங்களைத் தாமதப்படுத்தியது. அன்று அய்யா. எந்த ஊரில் எதைப் பார்த்தாலும் நின்றார். வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று ஒருவரிடம் கேட்டார். அவருக்கும் வாய்க்காலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எனக்குக் கால் வலிக்குமே என்றார். வலிக்கவில்லை என்றேன். வலிக்கும் என்று சொல்லி உட்காரவைத்தார். பூனை முன்னால் போய்ப் போய் நின்று, என்ன இது என்பதுபோல எங்களைத் திரும்பிப் பார்த்தது. "அங்க போனா மாமன் சொன்னதக் கேக்கணும்" என்றார் ஒருதரம். வெகுதூரம் தள்ளிப் போய், "சோறு நேரத்துக்குக் கெடைக்கும்" என்றார்.

வீரபாண்டியில் மாமன் காத்துக்கொண்டிருந்தார். நெற்றி நிறைய விபூதி, வாடகைக் கூண்டுவண்டி, கையில் எனக்கொரு புதுச்சட்டை. பூனையைப் பார்த்ததும் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "பிடிச்சுக்க, நல்லாப் பிடிச்சுக்க!" என்றார். கயிறு இருக்கிறது மாமா என்று தூக்கிக் காட்டினேன்.

"நேரம் நல்லா இருக்கு மாப்ளே. பயல் குளிச்சுட்டுப் புதுச்சட்டையப் போட்டு வலதுகாலை வச்சு வண்டியில ஏறட்டும்."

நான் கயிற்றை அய்யாவின் கையில் கொடுத்துவிட்டு ஆற்றில் இறங்கினேன். முழுக்குப் போட்டேன். புதுச்சட்டைக்குக் கை நீளமாக இருந்தது; மடித்துவிட்டுக்கொண்டு கரையேறினேன். மாமன் வண்டிக்கு முன்னால் நின்று, கோயில் பக்கம் கைகூப்பிக் கண்ணை மூடியிருந்தார். கண்ணைத் திறந்தார். நான் முதல் அடி எடுத்துவைத்தேன். எனக்கும் அவருக்கும் நடுவே, மாட்டின் மூக்குக்கு முன்னால், பூனை குறுக்கே போயிற்று. ஓடக்கூட இல்லை. நிதானமாக நடந்து போயிற்று. கயிறில்லை.

"ஐயய்யோ!" என்றார் மாமன். "எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போச்சு? நான் கவனிக்கலையே!"

"எது ஆகாதோ அந்தப் பக்கந்தான் மச்சான்" என்றார் அய்யா.

மாமன் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். வண்டிக்காரரிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். "கொஞ்ச நேரம் இருந்துட்டுக் கெளம்புவோம். தோசம் போயிரும்."

"மத்த காரியம்னா சரி. இது பய காரியம் மச்சான். மொத மொத ஒங்க வீட்டுக்கு வாழ வாறான். தண்ணியக் குடிச்சுட்டுப் போற காரியமா? ஒங்களுக்குத் தெரியாததா?"

மாமன் நெற்றி விபூதியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவர் வாழ்நாள் முழுக்க ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் அய்யா அவருக்குத் திருப்பிச் சொன்னார். எனக்கோ ஆத்திரம். ரயிலடி கண்முன்னால் போய்க்கொண்டிருந்தது.

"நேத்து பஸ்ஸுக்குக்கூடத்தான் குறுக்க போச்சு. நீங்கதானே அய்யா, சகுனமாம்..."

"பெரியவக பேசையில சும்மா இருடா" என்றார். அப்படி என்னை அவர் அதட்டியதே இல்லை.

மாமன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். அய்யாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அய்யா ஆற்றைப் பார்த்தார். "சரி. ஆவணியில நல்ல நாள் பாத்துச் சொல்லிவிடுறேன். அப்பக் கொண்டாங்க" என்றார் மாமன்.

"கொண்டாறேன் மச்சான்."

சட்டையைக் கழற்றிக் கொடுக்கப் போனேன். "வச்சுக்கடா" என்று என் தலையைத் தடவிவிட்டு மாமன் வண்டி ஏறினார். பள்ளிக்கூடம் அந்த வண்டியோடு தேனிக்குத் திரும்பிப் போயிற்று.

பூனை ஒரு மரத்தடியில் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தது. போய் நாலு திட்டுத் திட்டித் தூக்கினேன். அய்யா மடியிலிருந்து கயிற்றை எடுத்துக் கொடுத்தார். எங்கும் அறுந்திருக்கவில்லை. முடிச்சுத்தான் அவிழ்ந்திருந்தது. காலையில் அதை நான்தான் போட்டேன் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "முடிச்சு சரியா விழல அய்யா" என்றேன். அழுகை வந்தது.

"விடுடா. போகப் போகப் பழகிரும்" என்றார்.

திரும்பும்போது நான் ஓடவேண்டியிருந்தது, அப்படி நடந்தார். பூனையைக் கூடையில்கூடப் போடாமல் தோளில் உட்காரவைத்துக்கொண்டார். அது அவர் தலைப்பாகையைக் கடித்தது. கடிக்கட்டும் என்று விட்டுவிட்டார். சின்னமனூருக்கு இந்தப் பக்கமே, வெற்றிலைக் கொடிக்கால்கள் ஆரம்பிக்கிற இடத்தில் நின்று, ஒரு தோட்டக்காரரிடம் வேலை கேட்டார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரே இடத்தில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பதெல்லாம் ஒரு வேலையா என்று கொடிக்கால்காரர்களை அவர் கேலி செய்து நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

"வண்டிக்காரன் மாதிரித் தெரியுது. வெத்தலைக்கு ஒருநா தண்ணி தப்பக்கூடாது. நெலச்சு நிப்பியா?" என்று தோட்டக்காரர் கேட்டார்.

"நீங்க போகச் சொல்றவரைக்கும் நிப்பேன்" என்றார் அய்யா. போகச் சொல்லும்வரை அவர் எங்குமே காத்திருந்ததில்லை. இருட்டுமுன் தோட்டத்து ஓலைக்கொட்டகையில் எங்கள் பாத்திரங்களை அடுக்கினோம்.

மறுநாள் காலை அய்யா மண்வெட்டியோடு கொடிக்காலுக்குள் இறங்கி, முதல் பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டார். நான் புதுச்சட்டையோடு வரப்பில் உட்கார்ந்து, பூனையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இனி எந்தக் காலத்திலும் அவிழாதபடி ஒரு முடிச்சுப் போடப் பழகிக்கொண்டிருந்தேன்.